சந்தியாகோ பேராலயத்துல சொரூபத்தை பின்னாடி இருந்து கட்டிப்புடிக்கிறாங்களே, ஏன்?

ஊர்சுத்தி_77:
ஸ்பெயின்ல சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நானும் தங்கச்சியும் நடந்து போறோம், சாரியாவுல ஆரம்பிச்சு கடைசி 100 கி.மீ சொச்சம்தான், முழுசா நடக்க லீவும் இல்ல முட்டியும் இல்ல. வீடியோல பாத்தா பலிபீடத்து சொரூபத்துக்குப் பின்னாடி படியேறிப் போய் ஆளாளுக்கு கட்டிப்புடிச்சுட்டு வர்றாங்க. அது யாரு, ஏன் முன்னாடி போகாம முதுகுப் பக்கமா போறாங்க? இன்னொரு படத்துல அதே புனிதர் குதிரை மேல வாளோட இருக்கார். ஒரே ஆளா ரெண்டு பேரா? குழம்பிட்டேன்.

சுரைக்குடுக்கை:
ஒரே ஆள்தாங்க. ஊர் பேரே அவர் பேருதானே, சாந்த் இயாகோ, அதாவது புனித யாக்கோபு. நம்ம பக்கம் சந்தியாகு, சந்தியாகப்பர்னு சொல்றோமே அவரேதான். செபதேயு மகன், யோவானோட கூடப்பொறந்தவர், வலை இழுத்த மனுஷன். ஏரோது வாளால கொன்னான்னு திருத்தூதர் பணிகள் 12-ல இருக்கு. அவர் கல்லறை கலீசியாவுல கிடைச்சதுன்னு 9-ஆம் நூற்றாண்டுல பேச்சு கிளம்பி, அதைச் சுத்தி வளந்ததுதான் இந்த ஊரு.

பலிபீடத்துக்குப் போனதும் உடனே வரிசையில நிக்காதீங்க, தள்ளி நின்னு கீழ இருந்து மேல ஒருதடவை பாருங்க. கீழ உக்காந்திருக்கறது திருத்தூதர், 13-ஆம் நூற்றாண்டு கல் சொரூபம், கட்டிப்புடிக்கிறது இவரைத்தான். அவருக்கு மேல யாத்திரிகர் வேஷத்துல ஒரு சந்தியாகப்பர், சுத்தி ராஜாக்கள் முட்டி போட்டிருப்பாங்க. இன்னும் மேல குதிரைக்காரர். எனக்கு நடுவுல இருக்கறவர்தான் ரொம்ப புடிக்கும். தன்னைப் பாக்க நடந்து வர்ற ஜனங்களோட உடுப்பையே, கம்பு, சிப்பி, குடுக்கைன்னு இவரும் மாட்டிக்கிட்டாரு பாருங்க, வேற எந்த புனிதரும் இப்படி பண்ணி நான் பாத்ததில்ல. அவர் உயிரோட இருந்தப்ப சிப்பியாவது ஒண்ணாவது! யாத்திரை போறவங்க குத்திக்கிட்ட அடையாளம் அது, அவங்ககிட்ட இருந்துதான் அவருக்குப் போச்சு.

ஊர்சுத்தி_77:
ஓ, அப்ப சிப்பி அவரோடது இல்லையா! சரி, முதுகுப் பக்கம் ஏன்?

சுரைக்குடுக்கை:
முன்னாடி பூசை நடக்குற பீடம் இருக்கே, எப்படிப் போவீங்க. பின்னாடி குறுகலா படிக்கட்டு, ஏறினா அவர் தோள் உங்க நெஞ்சுக்கு நேரா வரும், மேல கல்லு பதிச்ச வெள்ளிப் போர்வை. நான் நாள்கணக்கா ஒத்திகை பாத்து வெச்சிருந்த செபம் அந்த பத்து செகண்டுல ஒரு வார்த்தை வரல, உள்ளங்கையில சில்லுனு உலோகம் பட்டதுதான் ஞாபகம், அவர் தோளுக்கு மேல எட்டிப் பாத்தா கோயில் முழுக்க ஜனம் நம்மள பாத்து உக்காந்திருக்கு, அவர் தினமும் பாக்கற காட்சி அதுதான்னு தோணுச்சு, அதுக்குள்ள பின்னாடி இருந்தவர் தொண்டையக் கனைச்சுட்டார். 17-ஆம் நூற்றாண்டு பயணக் குறிப்புகள்ல வேற ஒண்ணு இருக்கு, ஜனங்க தங்களோட தொப்பியக் கழட்டி அவர் தலையில வெச்சு அழகு பாப்பாங்களாம்!

கல்வெட்டுப்பித்தன்:
குதிரைக்காரரைப் பத்தி யாருமே சொல்லலையே. 844-ல கிளாவிகோ போர்ல வெள்ளைக் குதிரையில வந்து மூர்களை, அதாவது அப்ப ஸ்பெயின்ல இருந்த முஸ்லிம்களை, வெட்டினார்னு கதை. அப்படி ஒரு போரே நடக்கலைன்னுதான் வரலாற்றாளர்கள் சொல்றாங்க. உள்ள தனியா இன்னொரு குதிரைச் சொரூபமும் உண்டு, 18-ஆம் நூற்றாண்டு. குதிரைக் காலடியில விழுந்து கிடக்கற மூர்கள் வெளிய தெரியாதபடி பூ வெச்சு மறைச்சிருப்பாங்க. 2004-ல அதை எடுக்கறதா அறிவிச்சு, எதிர்ப்பு வந்து விட்டுட்டாங்க. பூ எனக்கு ஒப்பலைங்க, இருந்ததை இருந்தபடி விட்டுட்டு பக்கத்துல நாலு வரி விளக்கம் எழுதி வெச்சிருக்கலாம்.

மகிமை வாசலை விட்டுடாதீங்க, பேராலயத்தோட பழைய சிற்ப வாசல் அது, அதுக்கு தனி டிக்கெட். மேல்நிலைக் கல்லுல 1188-னு வெட்டியிருக்கு, மத்தேயோங்கற சிற்பியோட வேலை. நடுத்தூண்ல சந்தியாகப்பர் அமைதியா உக்காந்திருப்பார், அதுக்குக் கீழ தூண்ல ஜனங்க கை வெச்சு வெச்சே அஞ்சு விரல் குழி விழுந்திருக்கு. இப்ப தொட விடமாட்டாங்க.

சுரைக்குடுக்கை:
பூ விஷயத்துல நீங்க சொல்றதும் நியாயம்தான். ஊர்சுத்தி, முதுகுப் பையோட உள்ள விடமாட்டாங்க, எங்கயாவது வெச்சுட்டு வரிசைக்கு வாங்க. கட்டிப்புடிச்சு இறங்கினதும் நேரா கீழ நிலவறைக்குப் போங்க, வெள்ளிப் பேழையில திருப்பண்டம், அதாவது அவரோடதுன்னு நம்பற எலும்புகள் இருக்கு. 2027-ல அவர் திருநாளான ஜூலை 25 ஞாயித்துக்கிழமை வருது, அதனால புனித ஆண்டு, கூட்டம் அள்ளும். முட்டி சரியில்லைன்னா அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ போயிடுங்க.

ஊர்சுத்தி_77:
ரொம்ப நன்றிங்க. தொப்பி விஷயத்தை தங்கச்சிகிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன், இப்ப அவளை அங்க எப்படி அடக்கறதுன்னுதான் தெரியல.