ரெமிங்டன் 722-க்கு அந்தக் காலத்து ஸ்கோப்: எதை மாட்டுவது? (உதவி தேவை)

பிட்ஸ்பர்க்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நான் மேற்குப் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் வயதாகிவிட்டதென்று தன் துப்பாக்கிகளை விற்றபோது அவரிடமிருந்து ஒரு ரெமிங்டன் 722 வாங்கினேன். .222 ரெமிங்டன் தோட்டா, 26 அங்குலக் குழல், வால்நட் கட்டை. 50களில் செய்தது. கட்டையில் அங்கங்கே கீறல் இருந்தாலும் குழலின் உள்பக்கம் பளிச்சென்று இருக்கிறது.

இப்போது அதன்மேல் ஒரு 4-16 மடங்கு நவீன ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) உட்கார்ந்திருக்கிறது. மங்கல் கறுப்பு, டப்பா போன்ற டரட்டுகள் (குறியைத் திருத்தும் டயல்கள்). பட்டுப்புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி இருக்கிறது. துப்பாக்கி பிறந்த காலத்துக்கு ஏற்ற தோற்றம் வேண்டும், ஆனால் அலமாரியில் வைத்து அழகு பார்க்க அல்ல. அதே பண்ணையில் சோயா வயலைத் தோண்டிப்போடும் கிரவுண்ட்ஹாக்குகளைக் குறைக்கத்தான் இதைத் தூக்கிக்கொண்டு போகிறேன். பெரும்பாலும் 100 முதல் 200 கஜம், எப்போதாவது 250.

பட்ஜெட் 500 டாலர். யோசித்து வைத்திருப்பவை:
- பழைய எல் பாசோ வீவர் கே10
- யூனர்ட்டல் அல்லது லைமன் டார்கெட் ஸ்கோப்
- ஹை-லக்ஸ் விற்கும் மால்கம் 8 மடங்கு நகல்

இரண்டு சந்தேகம். ஒன்று, நண்பர் ஒருவர் தன் கே10-ஐப் பார்க்கக் கொடுத்தார். மாட்டி 100 கஜத்துக்கு ஜீரோ செய்தேன், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி திருத்தினேன். குறுக்குக்கம்பி நடுவில் இல்லை, இடது மேல் மூலைப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. ஸ்கோப் கெட்டுவிட்டதா? இரண்டு, ரிசீவரில் (குழல் பொருந்தும் நடுப்பகுதி) தொழிற்சாலைத் துளைகள் இருக்கின்றன, சரி. ஆனால் குழலின் மேலும் இரண்டு சின்னத் துளைகள், திருகு போட்டு அடைத்திருக்கிறார்கள். எதற்கு?

கொங்கன்_டெக்சாஸ்:

கம்பி மூலைக்குப் போய்விட்டதென்றால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது என்றுதான் அர்த்தம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பளபளப்பான மெருகில் ஒரு லியூபோல்டு வாங்கி மாட்டுங்கள், தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் வயது தெரியாது.

பழையகண்ணாடி:

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அது கெட்டுப்போகவில்லை, அந்தக் காலத்து ஸ்கோப்புகள் பலவும் அப்படித்தான்.

இப்போதைய ஸ்கோப்பில் டயலைத் திருப்பினால் உள்ளே லென்ஸ் இருக்கும் குழாயே அசைந்து பிம்பம் நகரும், கம்பி எப்போதும் நடுவில் தெரியும். பழைய வகையில் டயல் கம்பியையே தள்ளும். நீங்கள் எவ்வளவு திருத்துகிறீர்களோ அவ்வளவு தூரம் கம்பி நடுவை விட்டுப் போகும். உங்களுடையது எந்த வகை என்று தெரிய, ஸ்கோப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டே டயலை மெதுவாகத் திருப்புங்கள். வட்டத்துக்குள் கம்பி நடந்து போவது தெரிந்தால் பழைய வகை.

ஆகவே கேள்வி ஸ்கோப்பைப் பற்றியதே அல்ல. ஸ்கோப் நேராக உட்காரவில்லை, அதைச் சரிக்கட்ட நீங்கள் டயலை இழுத்திருக்கிறீர்கள். அந்தக் காலத்துக்காரர்கள் இதை ஸ்கோப்பைப் பிடித்துவைக்கும் தாங்கியில், அதாவது மவுண்டில்தான் தீர்த்தார்கள். ரெட்ஃபீல்டு ஜூனியர் பாணி அடித்தளம் என்று ஒன்று உண்டு. முன்வளையம் புறாவால் பள்ளத்தில் சுழன்று பூட்டிக்கொள்ளும், பின்வளையத்தை இரண்டு பக்கமும் இரண்டு பெரிய திருகுகள் பிடித்திருக்கும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் ஸ்கோப்பின் பின்பக்கம் இடம் வலமாக நகரும். ரெமிங்டன் 700-இன் குட்டை ஆக்‌ஷனுக்கு விற்கும் அடித்தளம் 722-க்கும் பொருந்தும். லியூபோல்டின் எஸ்டிடி வகையும் இதே அமைப்புதான். பளபள மெருகில் கிடைக்கும், பழைய துப்பாக்கியில் உறுத்தாது.

செய்முறை சொல்கிறேன். முதலில் ஸ்கோப்பைக் கழற்றி, ஓர் அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்திலும் V வடிவத்தில் வெட்டி அதில் படுக்க வையுங்கள். தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஸ்கோப்பை முழுச்சுற்று உருட்டுங்கள். கம்பி அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போடும். வட்டம் சுருங்கிச் சுருங்கி நிற்கும்வரை டயல்களைத் திருத்துங்கள். இப்போது கம்பி நடுவுக்கு வந்துவிட்டது. இனி டயலைத் தொடக்கூடாது. துப்பாக்கியில் மாட்டி, போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் தாழ்) உருவி, குழல் வழியாகவே ஒரு குறியைப் பாருங்கள். ஸ்கோப்பும் அதே குறியைக் காட்டும்வரை பின்திருகுகளை நகர்த்துங்கள். கடைசியாக மிஞ்சும் ஓரிரு அங்குலத்துக்கு மட்டும் டயல்.

மேல் கீழ் திருத்தம் வேண்டுமென்றால் அடித்தளத்துக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு. பின்னால் வைத்தால் குண்டு மேலே ஏறும். இரண்டு வளையத்துக்கும் இடையே 5 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்தில் ஒரு அங்குலத் தகடு 100 கஜத்தில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தும்.

இரண்டு எச்சரிக்கை. முன்வளையத்தை ஸ்கோப்பையே நெம்புகோலாக வைத்துத் திருகாதீர்கள், ஒரு அங்குல மரக்கோலோ இரும்புக்கோலோ போட்டுத் திருகுங்கள். அடித்தளத்தின் முன்திருகு நீளமாக இருந்தால் போல்ட்டின் காதில் (பூட்டிக்கொள்ளும் புடைப்பு) இடிக்கும். திருகை இறுக்கியபின் போல்ட் முன்பைவிடக் கனமாக மூடுகிறதா என்று பாருங்கள்.

குழல் துளைகளைப் பற்றி: ஓர் அளவு வேண்டும். ரிசீவரின் முன்பக்கத்தில் உள்ள இரண்டு துளைகளின் நடுவிலிருந்து, குழலில் உள்ள இரண்டின் நடு வரைக்கும் எவ்வளவு?

பிட்ஸ்பர்க்வாசி:

மிக்க நன்றி ஐயா. கம்பி நடக்கிறது, நீங்கள் சொன்னதேதான்! அளவு: டேப்பில் 18.3 சென்டிமீட்டர்.

பழையகண்ணாடி:

அப்படியானால் 7.2 அங்குலம். உங்கள் துப்பாக்கியில் யாரோ டார்கெட் ஸ்கோப் மாட்டியிருந்தார்கள். அதன் மவுண்டுகள் பிளாக் எனும் சிறு உலோகக் கட்டைகளில் ஏறும். குழலில் இருப்பது முன்பிளாக்கின் துளை, பின்பிளாக் ரிசீவரின் தொழிற்சாலைத் துளையிலேயே உட்கார்ந்திருக்கும்.

7.2 என்பது சும்மா வந்த எண் அல்ல. யூனர்ட்டல் போன்ற ஸ்கோப்புகளில் உள்ளே எதுவும் அசையாது, ஸ்கோப் முழுவதையும் பின்மவுண்டில் உள்ள மைக்ரோமீட்டர் திருகு தள்ளும். ஒரு சுற்றுக்கு 0.025 அங்குலம், சுற்றுக்கு 50 கிளிக். அப்படியானால் ஒரு கிளிக் 0.0005 அங்குலம். பிளாக்குகள் 7.2 அங்குலம் தள்ளி இருந்தால் கணக்கு 100 கஜத்தில் சரியாகக் கால் அங்குலம் வரும். அதே ஸ்கோப்பை 10 அங்குல இடைவெளியில் மாட்டினால் ஒரு கிளிக்குக்கு 0.18 அங்குலம்தான். சுடலாம், ஆனால் வயலில் படுத்துக்கொண்டு அந்தக் கணக்கை யார் போடுவது?

இன்னொன்று, உங்கள் பெயரைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. ஜான் யூனர்ட்டல் ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஃபெக்கர் என்ற ஸ்கோப் தயாரிப்பாளரிடம் வேலை பார்த்துவிட்டு 1930களில் சொந்தத் தொழில் தொடங்கியது பிட்ஸ்பர்க்கில். உங்கள் ஊர்ச் சரக்கு. துளையும் தயாராக இருக்கிறது. நானாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன்.

மொன்டானா_மணி:

பழையகண்ணாடி அண்ணன் சொன்னால் மறுபேச்சு இல்லை, இருந்தாலும் நான் கொஞ்சம் பேசுகிறேன்.

நானும் புல்வெளி நாய்களுக்கு (பெயர்தான் நாய், வளையில் வாழும் கொறிக்கும் பிராணி) யூனர்ட்டல் வைத்துச் சுடுகிறவன்தான். பெஞ்ச் போட்டு உட்கார்ந்து சுடும்போது அதைப்போல சுகம் இல்லை. ஆனால் இவர் நடக்கிறவர். இரண்டடி நீளக் குழாய், இரண்டு மவுண்ட், எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேலியைத் தாண்டும்போது மைக்ரோமீட்டர் தலை எதிலாவது தட்டினால் ஜீரோ போச்சா இல்லையா என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொள்ளும்.

அப்புறம் அந்த வழுக்கல். சுட்டதும் துப்பாக்கி பின்னால் வரும், ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கும். அதாவது மவுண்டுக்குள் முன்னால் சறுக்கியிருக்கும். அடுத்த குண்டுக்கு முன் கையால் பின்னுக்கு இழுத்து நிறுத்தத்தோடு ஒட்ட வைக்க வேண்டும். .222-வின் உதை சின்னது, சறுக்கலும் கொஞ்சம்தான். அதுதான் தொல்லை: கொஞ்சமாகச் சறுக்குவதால் கண்ணுக்குத் தெரியாமல் மறந்துபோகும். சுடுவதும் இழுப்பதும் ஒரே பழக்கமாகக் கைக்கு வந்துவிட வேண்டும். துடைக்காத மவுண்டில் தூசி ஏறினால் குழாயின் கறுப்பு மெருகு கோடு கோடாகப் போகும், பழைய ஸ்கோப் எதைப் பார்த்தாலும் அந்தக் கோடு இருக்கும்.

விலையும் இருக்கிறது. ஸ்கோப் மட்டும் மலிவாக விற்கிறார்கள் என்று பாய்ந்துவிடாதீர்கள். மவுண்ட் தனி, பிளாக் தனி. மூன்றையும் சேர்த்தால் 500 தாண்டிவிடும்.

கொங்கன்_டெக்சாஸ்:

அப்போ நகல்தான் சரி. ஹை-லக்ஸ் மால்கம் 8 மடங்கு. மவுண்டோடு வரும், லென்ஸ் புதுசு, பூஞ்சைக் கவலை இல்லை. கம்பி நடந்தது எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்கிறேன்.

பழையகண்ணாடி:

நகலைக் குறை சொல்லவில்லை. மழையில் தைரியமாகத் தூக்கிப்போகலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் அது எதன் நகல்? அமெரிக்க மரைன் படை ஸ்னைப்பர்கள் வைத்திருந்த 8 மடங்கு யூனர்ட்டலின் நகல். முதலில் ஸ்பிரிங்ஃபீல்டிலும் பிறகு வியட்நாமில் வின்செஸ்டர் 70-இலும் ஏறியது. கிரவுண்ட்ஹாக் வேட்டைக்காரன் அந்தக் காலத்தில் 10, 12 மடங்கைத்தான் தேடினான், யூனர்ட்டல் இதற்கென்றே அல்ட்ரா வார்மின்ட் என்று 2 அங்குல லென்ஸோடு ஒன்று செய்தது. அந்த நகல் புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் 722-வில் அது வேறு யாருடைய தொப்பியோ என்று எனக்குத் தோன்றும். இது என் கிறுக்கு, நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

மணி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நடக்கிறவருக்கு முதலில் கே10 போதும். 722 விற்ற காலத்தில் கடையில் அதன்மேல் ஏறியது பெரும்பாலும் வீவரே. மலிவு, இரும்புக் குழாய், 1 அங்குலம், எந்த வளையத்திலும் ஏறும். ஒரு குறை உண்டு: 10 மடங்கில் 100 கஜத்தில் தெரியும் அகலம் சுமார் 12 அடிதான். கிரவுண்ட்ஹாக் தலையைத் தூக்கும்போது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இருபது தடவை சுடும் இடத்தில் அது தொல்லை, ஒரு வளையைப் பார்த்தபடி காத்திருக்கும் இடத்தில் தொல்லை இல்லை.

தஞ்சாவூர்_ஓஹையோ:

வாங்குமுன் பார்க்க வேண்டியதை யாரும் சொல்லவில்லை. கண்ணை வைக்கும் பக்கம் வேண்டாம், பெரிய லென்ஸ் பக்கமிருந்து டார்ச் அடித்து, கண்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். ஓரத்தில் வானவில் நிறத்தில் இலை நரம்புபோல் படர்ந்திருந்தால் லென்ஸ்களை ஒட்டும் பசை விட்டுப்போகிறது. வெள்ளைப் பனிபோல் இருந்தால் துடைக்கும் இடத்தில் இல்லை என்று அர்த்தம், அது உள்பக்கம். பூஞ்சை நூல்நூலாகத் தெரியும். பிறகு ஸ்கோப்பை ஒரு பையில் சுற்றிக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து வெளியே எடுங்கள். வெளிக்கண்ணாடியில் படியும் ஈரத்தைத் துடைத்தபின்னும் மங்கலாகவே இருந்தால் சீல் போய்விட்டது.

கடைசியாகத் துப்பாக்கியைப் பையில் ஊன்றி, 100 கஜத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுத் தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். கம்பி புள்ளியை விட்டு ஓடினால் பேரலாக்ஸ். கே10-இல் முன்லென்ஸைச் சுழற்றித் திருத்த முடியும், அந்த வளையம் இறுகிப்போயிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். பிளையர் வைத்துத் திருகிய தழும்பு இருந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

பிட்ஸ்பர்க்வாசி:

அடித்தளம் வந்து மாட்டினேன். பெட்டியில் உருட்டி நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு பின்திருகை இரண்டு பக்கமும் நகர்த்தினேன். இப்போது கம்பி ஏறக்குறைய நடுவிலேயே இருக்கிறது, தகடு தேவைப்படவில்லை. பேரலாக்ஸ் வளையமும் சுழல்கிறது. நண்பர் கே10-ஐ விற்கச் சம்மதித்துவிட்டார், விலை பேசி முடித்தாகிவிட்டது.

ஆனாலும் அந்த இரண்டு துளைகளும் கண்ணை உறுத்துகின்றன. மெதுவாக ஒரு 10 மடங்கு யூனர்ட்டலுக்கும் காசு சேர்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் செய்ய வேண்டியது ஏதாவது?

பழையகண்ணாடி:

அந்த அடைப்புத் திருகுகள் வருகின்றனவா என்று இப்போதே பாருங்கள். எழுபது வருஷ எண்ணெய் காய்ந்து பிடித்திருக்கும். ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள். பள்ளத்தின் அகலத்துக்கே சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் போடுங்கள், வீட்டு ஸ்க்ரூடிரைவர் தலையைச் சிதைத்துவிடும். பிளாக் திருகு பெரும்பாலும் 6-48 மரை (6-ஆம் எண் திருகு, அங்குலத்துக்கு 48 மரை). புதுத் துளை மட்டும் எங்கும் போடாதீர்கள்.

பிளாக் வாங்கும்போது உயரம்தான் தலைவலி. ரிசீவர் தடிமன், குழல் மெலிசு. இரண்டு பிளாக்கின் மேற்பகுதியும் குழலின் நடுக்கோட்டிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். காலிப்பரில் ரிசீவரின் விட்டம், அந்தத் துளைக்கு நேரே குழலின் விட்டம், இரண்டையும் எடுங்கள். வித்தியாசத்தில் பாதி, அதுதான் முன்பிளாக் பின்பிளாக்கைவிட எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்பது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவரிடம் பேசுங்கள். பிளாக்கின் அடிப்பகுதியில் வளைவு எந்த விட்டத்துக்கு வெட்டியது என்றும் கேளுங்கள், தட்டையான அடியுள்ளது குழலில் ஆடும்.

மொன்டானா_மணி:

எடுத்த அளவை இங்கேயும் போடுங்கள். என் பெட்டியில் உபயோகப்படாத பிளாக்குகள் சில கிடக்கின்றன, பொருந்தினால் தபால் செலவு மட்டும் கொடுங்கள்.