காக்காவா, அண்டங்காக்கையா, ரேவனா? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மேட்டுத்தெரு
லடாக்கில், லேயிலிருந்து பாங்காங் ஏரிக்குப் போகிற வழியில் சாங் லா கணவாயில் டீ குடிக்க இறங்கினோம். பாறைக்கு மேலே இரண்டு கரிய பறவைகள். இறக்கையை அடிக்காமலே காற்றில் ஏறிக்கொண்டிருந்தன. திடீரென்று அதில் ஒன்று இறக்கையை மடக்கி மல்லாந்து புரண்டது. வயிறு வானத்தைப் பார்க்க, ஒரு நொடி அப்படியே போய், மறுபடி நிமிர்ந்துகொண்டது. அப்புறம் அடித்தொண்டையிலிருந்து ‘க்ரோங்க்’ என்று ஒரு குரல். டிரைவர் ஏறிட்டுப் பார்த்து “கவ்வா” என்றார். கூட வந்தவர்களும் காக்காதான் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். எந்தக் காக்கா மல்லாந்து பறக்கும்? அது காக்கா குலத்துப் பெரிய பறவையான ரேவன் (raven) என்றுதான் என் மனது சொல்கிறது. வேறு யாராவது இந்தப் புரளலைப் பார்த்திருக்கிறீர்களா?

ஏற்காட்டான்
ரேவன் பார்க்க லடாக் வரை ஏன் போக வேண்டும்? எங்கள் வீட்டுக்கே வருகிறது. உடம்பு முழுக்கக் கன்னங்கரேல், கழுத்தில் சாம்பல் நிறம் துளியும் கிடையாது, அலகு அவ்வளவு தடிமன். போன கோடையில் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் மேய்ந்த கோழிக்குஞ்சை வந்து கவ்வியது. அம்மா முறத்தை வீசினார், தாய்க்கோழி பாய்ந்தது, எதற்கும் அசையவில்லை. குஞ்சோடு சில்வர் ஓக் மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எங்களையே பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஊர்க்காக்காவுக்கு அந்தத் துணிச்சல் ஏது? இது ரேவன்தான்.

வாலைப்பார்
ஏற்காட்டான், நீங்கள் பார்த்தது அண்டங்காக்கை. சந்தேகமே வேண்டாம். நீங்கள் சொன்ன எல்லா அடையாளமும் அதற்குத்தான் பொருந்தும். கோழிக்குஞ்சு தூக்குவதிலும் அது பேர்போனது. தென்னிந்தியாவில் ரேவன் இல்லை. இமயமலையின் உயரமான வறண்ட பகுதிகள், லடாக், அப்புறம் ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப் பக்கத்து வறண்ட நிலம், நம் நாட்டில் அவ்வளவுதான்.

நான் பார்த்தது பிக்கானேர் அருகே ஜோர்பீரில். செத்த மாடுகளைக் கொண்டுவந்து போடும் இடம், பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக இறங்கும். அவற்றின் காலுக்கு நடுவே ஒரு ரேவன் நடந்து போய் மாட்டின் கண்ணைக் கொத்தியது. கழுகு ஒன்று கழுத்தை நீட்டி மிரட்டியது. ரேவன் ஓர் அடி தள்ளி நின்று, மறுபடி அதே கண்ணுக்கு வந்தது.

இனி பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கறுப்பு நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அளவையும் நம்பாதீர்கள். ரேவன் ஒரு கிலோவைத் தாண்டும், ஊர்க்காக்கா அதில் பாதி எடைகூட வராது. ஆனால் பக்கத்தில் ஒப்பிட வேறு பறவை இல்லாதபோது வெறும் வானத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. தலைக்கு மேலே வரும்போது வாலைப் பாருங்கள். காகத்துக்கு வால் நுனி விசிறி மாதிரி வளைவாக இருக்கும். ரேவனுக்கு நடு இறகுகள் நீண்டு, வால் ஆப்பு வடிவில் கூர்மையாக முடியும். திரும்பும்போது வாலை விரிக்கும், அந்த நேரத்தை விடாதீர்கள். உட்கார்ந்திருந்தால் தொண்டையைப் பாருங்கள். காகத்துக்கு அங்கே வழவழப்பாக இருக்கும், ரேவனுக்கு இறகுகள் கூர்கூராகத் தொங்கும். கூப்பிடும்போது அவை சிலிர்த்து நிற்கும். படம் எடுத்தால் பக்கவாட்டில் ஒன்று, அடியிலிருந்து ஒன்று கட்டாயம் எடுங்கள். பின்பக்கமிருந்து எடுத்த படத்தை அனுப்பி ‘இது என்ன?’ என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

சாங் லா நண்பருக்கு ஒரு கேள்வி. அலகின் நிறம் என்ன? அந்தக் கணவாய்களில் மஞ்சள் அலகுள்ள சஃப் பறவைகள் நிறைய உண்டு. அவையும் கறுப்புதான், காற்றில் வித்தையும் காட்டும்.

வடக்குக்குளிர்
வாலைப்பார் சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. நான் கனடாவில் யூக்கான் பகுதியில் வைட்ஹார்ஸில் இருந்தேன். மைனஸ் 30 டிகிரியில் வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் பறவை உடம்பை உப்பவைத்துக்கொண்டிருக்கும். வாலும் தெரியாது, தொண்டையும் தெரியாது. குரல்தான் வழி. காகம் ‘கா’ என்று திறந்த குரலில் கத்தும். ரேவனின் குரல் அடியிலிருந்து உருண்டு வரும்.

என்னை விடாமல் துரத்துவது வேறு ஒரு குரல். பிக்கப் வண்டியின் பின்னால் குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டிருந்த ரேவன் என்னைக் கண்டதும் நிறுத்தியது. பறக்கவில்லை. தலையைச் சாய்த்து, நிரம்பிய அண்டாவில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு விழுவது போல ‘டொளக்’ என்றது. அப்புறம் இன்னொரு முறை. அது என்னிடம்தான் சொன்னது என்று இன்றும் நினைக்கிறேன். 1985 முதல் யூக்கானின் அதிகாரப்பூர்வப் பறவை அதுதான். அந்த ஊர்க்காரர்கள் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொன்று. கனடாவின் வான்கூவரில் மாலையானால் பக்கத்து ஊரான பர்னபி பக்கம் கரிய பறவைகள் ஆயிரக்கணக்கில் அடையப் போவதைப் படம் பிடித்து ‘ரேவன் படை’ என்று போடுகிறார்கள். அவை காகங்கள். வளர்ந்த ரேவன்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் திரியும்.

தேம்ஸ்கரை
லண்டன் டவர் என்ற பழைய கோட்டையில் குறைந்தது ஆறு ரேவன்களை எப்போதும் வைத்திருக்கிறார்கள். அவை போய்விட்டால் அரசே விழும் என்பது அங்கே வழங்கும் கதை. அத்தை சென்னையிலிருந்து வந்திருந்தபோது கூட்டிப்போனேன். அன்று அமாவாசை. புல்வெளியில் சாதாரணக் காகம் ஒன்று மேய்ந்தது. அதற்கு அருகே ரேவன் வந்து நின்றதும் தொண்டை இறகெல்லாம் சிலிர்த்தது, காகம் குதித்து விலகியது. அளவு வித்தியாசம் அப்படிப் பக்கத்தில் பார்த்தால்தான் தெரியும்.

அத்தை பையிலிருந்து சாதப் பொட்டலத்தை எடுத்தார். உணவு போடக்கூடாது, கடிக்கும் என்று பலகை இருந்தது. “அது காக்கா இல்லை அத்தை, வேறு பறவை” என்றேன். “காக்கா குலம்தானேடா” என்று சொல்லி, பொட்டலத்தை உள்ளே வைத்துவிட்டு, அதன் முன்னால் கைகூப்பி மாமா பேரைச் சொன்னார். பறவை அசையாமல் நின்றது. அன்று அவர் சாப்பிடவில்லை. வெளியே எங்கேயாவது காகத்துக்கு அந்தச் சாதத்தை வைக்க வழி செய்திருக்கலாமே என்று இன்றும் உறுத்துகிறது.

ஏற்காட்டான்
வாலைப்பார், விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் சேர்வராயன் மலை முழுக்க நீங்கள் பார்த்துவிட்டீர்களா? அடுத்த முறை வரும்போது வாலைப் படம் எடுத்துப் போடுகிறேன், அப்புறம் பேசுவோம். தேம்ஸ்கரை, அத்தை சொன்னது சரி. இரண்டும் ஒரே பேரினம்தான்.

மேட்டுத்தெரு
அலகு கறுப்பு, கால்களும் கறுப்பு. உறுதியாகச் சொல்வேன். சஃப் பறவைகளை மறுநாள் ஏரிக்கரையில் பார்த்தோம், மெலிதாக விசில் அடித்தன. சாங் லாவில் கேட்டது வடக்குக்குளிர் எழுதியிருக்கும் அந்த உருளும் குரல். வால் விரிந்ததை நான் கவனிக்கவில்லை. ஜோர்பீரில் புரளல் பார்த்தீர்களா, வாலைப்பார்?