பேட்டரி கம்பெனிப் பங்கு வாங்குமுன் நீங்கள் பார்த்தது, கேட்டது: பினாங்கு நண்பர்களின் அனுபவப் பகிர்வு

பிறைவாசி (தலைப்பைத் தொடங்கியவர்):

2025 மே மாதம் சீனாவின் பேட்டரி கம்பெனி சிஏடிஎல் ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து, பினாங்கில் நம்மவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேட்டரிப் பேச்சுதான். பக்கத்துக் குலிமில் இன்னொரு சீன பேட்டரி கம்பெனியான இவிஇ எனர்ஜி ஆலை கட்டியது இன்னொரு காரணம். சேமநிதியில் எடுத்த காசை இதில் போடலாமா என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அதனால்தான் இந்தத் தலைப்பு. ஆரூடம் வேண்டாம், நேரில் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள்.

என்னுடையதைச் சொல்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு தரகு நிறுவனம் நடத்திய கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் மின்கார் விற்பனை ஏறும் கோட்டைத் திரையில் காட்டி, பேட்டரி கம்பெனி லாபமும் இப்படியே ஏறும் என்றார். என் பக்கத்தில் ஒரு பெரியவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலமெல்லாம் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுந்து ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, அவங்க போட்டிருக்கிற மெஷின்ல எவ்வளவு ஓடுது?” பேச்சாளரிடம் பதில் இல்லை.

கூட்டம் முடிந்ததும் அவரோடு தே தாரிக் கடையில் உட்கார்ந்து, கைப்பேசியில் சிஏடிஎல்லின் 2024 ஆண்டறிக்கையைத் திறந்தோம். கேட்டதற்குப் பதில் அதிலேயே இருந்தது. உற்பத்தித் திறன் 676 கிகாவாட் மணி (ஒரு கிகாவாட் மணி என்பது பத்து லட்சம் கிலோவாட் மணி), அதில் ஓடியது 76.33 விழுக்காடு. முந்தைய ஆண்டு 70.47 விழுக்காடுதான். அப்போது கட்டிக்கொண்டிருந்தது இன்னும் 219 கிகாவாட் மணி. “ஓட்டம் கூடியிருக்கு, ஆனா புதுசா வர்றதையும் ஓட்டணுமே” என்றார்.

அப்புறம்தான் எல்லாரையும் குழப்புகிற இடத்துக்கு வந்தோம். 2023இல் 400.9 பில்லியன் யுவானாக இருந்த வருவாய் 2024இல் 362 பில்லியனாகக் குறைந்திருக்கிறது. என் உறவினர் ஒருவர் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, கம்பெனி சரிகிறது என்று முடிவே கட்டிவிட்டார். ஆனால் விற்ற பேட்டரி 390 கிகாவாட் மணியிலிருந்து 475க்கு ஏறியிருக்கிறது. நிகர லாபமும் 44.1 பில்லியனிலிருந்து 50.7 பில்லியனுக்கு ஏறியிருக்கிறது. சரக்கு அதிகம் போயும் வருவாய் ஏன் இறங்கியது? பேட்டரிக்கு மூலப்பொருளான லித்தியம்தான் காரணம். 2022 நவம்பரில் டன்னுக்கு 6 லட்சம் யுவான் வரை போன லித்தியம் கார்பனேட், 2024 தொடக்கத்தில் 1 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. மூலப்பொருள் விலை இறங்கினால் கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் பேட்டரி விலையும் கூடவே இறங்கும். அதனால் இந்தத் தொழிலில் வருவாயை மட்டும் வைத்து வளர்ச்சியை அளப்பது சரிவராது.

பெரியவர் அதோடு விடவில்லை. டிஷ்யூ தாளை எடுத்து, லாபத்தை விற்ற அளவால் வகுத்தார். கம்பெனிக்கு வேறு வரும்படியும் உண்டு என்பதால் இது உத்தேசக் கணக்குதான். ஒரு கிலோவாட் மணிக்கு 2023இல் சுமார் 113 யுவான், 2024இல் சுமார் 107. ஆக, ஒவ்வொரு பேட்டரியிலும் மிஞ்சுவது கூடவில்லை, சற்றுக் குறைந்தும் இருக்கிறது. லாபம் வளர்ந்தது அதிகம் விற்றதால். கம்பெனியைப் பற்றி நான் படித்த எந்தத் தரகர் குறிப்பையும்விட அந்த டிஷ்யூ தாள் எனக்கு அதிகம் சொன்னது.

குலிம் ஷிப்ட்காரன்:

அண்ணே, அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் பேட்டரி செல் செய்கிற வேலையில் இருக்கிறேன், இடம் வேண்டாம். வெளியில் இருப்பவர்கள் திறப்பு விழாப் படத்தைப் பார்த்துப் பங்கு வாங்குகிறார்கள். ரிப்பன் வெட்டிய மறுநாளே சரக்கு போய்விடாது. அறையில் ஈரம் கொஞ்சம் கூடினாலே செல் கெட்டுவிடும், அதனால் காற்றை உலர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். தகட்டில் பூசும் பூச்சு ஒரே கனத்தில் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக வந்து முதல் சார்ஜ் ஏற்றிய பிறகும், செல்களை அடுக்கில் வைத்து நாள்கணக்கில் காத்திருந்து, எதில் வோல்டேஜ் இறங்குகிறது என்று பார்த்துக் கழிப்போம். புது லைனில் கழிவு நிறைய வரும். அதைக் குறைப்பதற்குள்தான் காசு கரையும்.

ஸ்வீடனின் பேட்டரி கம்பெனி நார்த்வோல்ட்டைப் பாருங்கள். 2016இல் தொடங்கியது, பெரிய கார் கம்பெனிகளின் ஆர்டருக்குப் பஞ்சமே இல்லை. சரக்கைச் சொன்ன நேரத்தில் செய்து கொடுக்க முடியவில்லை. 2024இல் பிஎம்டபிள்யூ 2 பில்லியன் யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவால். ஆர்டர் புத்தகத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

ஆயர் ஈத்தாம் கணக்கர்:

என் ரெமிசியர் (பங்குத் தரகர்) முதலில் காட்டியது புர்சாவில், அதாவது மலேசியப் பங்குச் சந்தையில், இருக்கும் உள்ளூர் கம்பெனி ஒன்றை. ஏதோ மின்சேமிப்புத் திட்டத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதாம், அன்று விலை துள்ளியது. யாருக்கு, எவ்வளவு, எந்த விலைக்கு என்று அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. நான் தொடவில்லை.

சிஏடிஎல்லைப் பொறுத்தவரை நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஹாங்காங்கில் பங்குகளை லோட் என்ற கட்டாகத்தான் வாங்க வேண்டும், இதில் ஒரு லோட் 100 பங்கு. வெளியீட்டு விலை 263 ஹாங்காங் டாலர். அப்போதைய மாற்று விலையில் ஒரே லோட்டுக்கு 14,000 ரிங்கிட்டுக்கு மேல். சாதாரணமாக அதைப் பிரித்துப் பிரித்து வாங்க முடியாது. பங்கு ஏறினாலும் ரிங்கிட் வலுத்தால் நம் கைக்கு வருவது குறையும். 2025 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கம்பெனியின் பெயரைச் சீன ராணுவத்தோடு தொடர்புடைய கம்பெனிகளின் பட்டியலில் சேர்த்திருப்பதால், அமெரிக்கச் சந்தையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

எடுத்தது ஐரோப்பாவை. ஹாங்காங்கில் திரட்டிய பணத்தில் சுமார் 90 விழுக்காடு ஹங்கேரியில் தெப்ரெத்சென் ஆலைக்குப் போகிறது. தம்பி சொன்ன கழிவும் காத்திருப்பும் அங்கேயும் இருக்கும்தானே. ஒரு லோட் வைத்திருக்கிறேன். அந்த ஆலை எவ்வளவு ஓடுகிறது என்ற விவரம் ஆண்டறிக்கையில் வரும்வரை இரண்டாவது லோட் வாங்கப்போவதில்லை.