மறு: ‘கலப்பினமாக்கம்’ வேண்டாம், ‘இழைப்பிணைவு’ எப்படி?

வணக்கம். கழிவுநீர்க் கசட்டில் எந்த நுண்ணுயிர் எங்கே இருக்கிறது என்று சாயமிட்ட டி.என்.ஏ. இழையால் காட்டும் முறைக்குத் தமிழ்ப்பெயர் வைப்பது பற்றிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘ஹைப்ரிடைசேஷன்’ என்பதற்குக் ‘கலப்பினமாக்கம்’ ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

நெல்லுக்கு அது சரி ஐயா. இரண்டு ரகத்தைச் சேர்த்து மூன்றாவதை எடுக்கிறோம். வேதியியல்காரர்களும் இதே ஆங்கிலச் சொல்லுக்கு ‘இனக்கலப்பு’ என்று தங்களுக்கு வேண்டியபடி வைத்துக்கொண்டார்கள். ஆனால் ‘கழிவுநீர்க் கசட்டில் கலப்பினமாக்க முறை’ என்று தலைப்பு வைத்தால், சாக்கடையில் புதுக் கிருமி உண்டாக்குகிறோம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஒருவர் என்னிடம் அப்படியே கேட்டும் விட்டார்.

உண்மையில் நடப்பது இது. காற்றூட்டுத் தொட்டியில் எடுத்த கசட்டைப் பாராஃபார்மால்டிகைடில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உலர்த்தி, எத்தனாலில் நீரகற்றுகிறோம். பிறகு சாயம் கோத்த குட்டி டி.என்.ஏ. இழையை விட்டு 46 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைக்கிறோம். எல்லா வகை பாக்டீரியாவுக்கும் என்று பரவலாகப் பயன்படும் இ.யு.பி.338 இழையில் 18 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் கார அலகுகள்)தான். உயிரணுவில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் தனக்கு இணையான வரிசை இருந்தால் இழை அங்கே பிணைந்துகொள்ளும்; இல்லையென்றால் 48 டிகிரிக் கழுவலில் போய்விடும். ஓர் உயிரணுவில் ஆயிரக்கணக்கான ரைபோசோம்கள் இருப்பதால்தான் இத்தனை சிறிய இழையின் சாயம் கண்ணுக்குத் தெரிகிறது. பிணைப்பைத் தளர்த்தும் ஃபார்மமைடு அளவு சரியாக அமைந்தால் ஓரெழுத்து வேறுபாட்டைக்கூடப் பிரிக்கலாம். இது கலக்கிற வேலையா, கலக்க விடாத வேலையா? ஆகவே ‘இழைப்பிணைவு’.

> விளைவது டி.என்.ஏ.–ஆர்.என்.ஏ. கலப்பு இழைதானே?

ஒத்துக்கொள்கிறேன். விளைபொருளுக்குக் ‘கலப்பிழை’ என்று வைத்துக்கொள்ளலாம். (‘பிழை’ காதில் விழுகிறது, அது வேறு தொல்லை.) செயலுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

> சாயமிட்ட இழைக்குத் ‘தூண்டில்’?

அழகான சொல்தான். முறையின் ஆங்கிலச் சுருக்கமே ‘ஃபிஷ்’ (ஃப்ளூரசன்ஸ் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன்) என்பதால் ஆசை இன்னும் கூடுகிறது. ஒரு மாணவரின் கட்டுரையை எந்திர மொழிபெயர்ப்பு ‘கசடு மாதிரியில் மீன் பிடித்தோம்’ என்று ஆக்கித் தந்ததைப் பார்த்ததிலிருந்து அந்தச் சுருக்கம் கண்ணில் பட்டாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் தூண்டில் மீனை வெளியே இழுக்கும். இங்கே எதையும் இழுப்பதில்லை, அதுதான் இந்த முறையின் பெருமையே. அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் கசட்டுத் திரளுக்குள் கெட்டியான கொத்தாகச் சிவப்பில் ஒளிரும். அவை கழிக்கும் நைட்ரைட்டைத் தின்ன நைட்ரோஸ்பைரா பச்சையில் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதே கசட்டை உடைத்து டி.என்.ஏ. எடுத்துப் பி.சி.ஆர். செய்தால் யார் யார் இருந்தார்கள் என்று தெரியும், யார் அருகில் யார் என்பது தெரியாது. எனவே முழுப்பெயரில் ‘தன்னிட’ (இன் சிட்டு) என்பதை விடக் கூடாது: தன்னிட உடனொளிர் இழைப்பிணைவு. நீளம்தான். இழைக்கு என் பரிந்துரை ‘நாடிழை’. தன் இணையை நாடும் இழை.

> தட்டில் வளர்த்துப் பார்த்தால் போதாதா?

அப்படி வளர்த்துப் பார்த்துத்தான் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை நீக்குவது அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா என்று 1975 வாக்கில் முடிவு கட்டினார்கள். தட்டில் அது நன்றாக வளர்ந்தது, அவ்வளவுதான். 1990களில் நாடிழை கொண்டு பார்த்தபோது கசட்டில் அது கொஞ்சமே இருந்தது. பாஸ்பரஸைச் சேர்த்து வைத்தது அக்யூமுலிபாக்டர். அது தனி வளர்ப்புக்கு மசியாத உயிர்.

அப்புறம், இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஃபார்மமைடு கூடக் கூட இறுகுகிற அந்த ‘ஸ்ட்ரின்ஜென்சி’க்கு (எவ்வளவு சரியாகப் பொருந்தினால் இழை பிணையும் என்ற கறாருக்கு) எங்கள் ஆய்வகத்தில் ‘கண்டிப்பு’ என்றுதான் புழங்குகிறோம். “கண்டிப்பு பத்தல, இன்னும் அஞ்சு சதவீதம் ஏத்து.” எழுத்திலும் அதையே வைத்துக்கொள்ளலாமா?