7க்கு 3.6 ஜிபிஏ: பிரிஸ்பனில் படிக்கும் தம்பி சிங்கப்பூருக்கு மாறி வர முடியுமா?

செங்காங் அக்கா:
வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன். இங்கே சிங்கப்பூரில் பாலியில் (பலதுறைத் தொழிற்கல்லூரி) இயந்திரப் பொறியியல் டிப்ளோமா, ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 4க்கு 3.41. என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பன் போனான். டிப்ளோமா இருப்பதால் முதலாண்டுப் பாடங்களில் பெரும்பகுதிக்கு விலக்கு கொடுத்து, நேரே இரண்டாமாண்டில் உட்கார வைத்துவிட்டார்கள். காசு மிச்சம் என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். விலக்கு கிடைத்ததில் கணக்குப் பாடமும் ஒன்று. பாலியில் அந்த ஆழத்துக்கு அவன் படிக்கவே இல்லை. அந்தக் கணக்கை வைத்து வரும் பாடங்களில் வரிசையாக அடி. இப்போது ஜிபிஏ 3.6, இரண்டு பாடம் பெயில். அப்பா ஓய்வு பெறப்போகிறார், அந்த ஊர்க் கட்டணம் இனித் தாங்காது. என்டியு, எஸ்ஐடி மாதிரி இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு வர வாய்ப்பு உண்டா? அல்லது மார்க்கைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிடுவார்களா?

தெம்பனிஸ் குமார்:
3.6 நல்ல ஜிபிஏதானே அக்கா, எதுக்குக் கவலை? என்யுஎஸ் பல்கலைக்கழகத்துக்கே போடலாம்.

செங்காங் அக்கா:
4க்கு இல்லை தம்பி, 7க்கு.

கிளமெண்டி சார்:
குமார் குழம்பியதில் தப்பில்லை. பிரிஸ்பன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 7 புள்ளி முறை உண்டு, அதில் 4தான் தேர்ச்சி. ஆக 3.6 என்பது தேர்ச்சிக்கும் கீழே. விண்ணப்பத்தில் அதை 4 புள்ளிக் கணக்குக்கு நீங்களே மாற்றிப் போடாதீர்கள் அம்மா. '7க்கு 3.6' என்று அப்படியே எழுதுங்கள்.

இனி விஷயம். இங்குள்ள தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் (என்யுஎஸ், என்டியு, எஸ்ஐடி மாதிரி அரசு மானியம் பெறுபவை) நடுவில் வந்து ஏறிக்கொள்வது அபூர்வம். புது ஆளாக விண்ணப்பிக்க வேண்டும், இடம் கிடைத்த பிறகுதான் கிரெடிட் (ஏற்கெனவே படித்த பாடத்தை ஏற்றுக்கொள்வது) பேச்சு. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உங்கள் தம்பிக்கு அதுதான் வசதி. பாலி டிப்ளோமாவையும் சேர்த்தே பார்ப்பார்கள். 3.41 கௌரவமான மார்க். பிரிஸ்பன் மார்க் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியாக நிற்கும், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

பொங்கோல்வாசி:
பிரிஸ்பனைப் பற்றி மூச்சே விடாமல் பாலி ரிசல்ட்டை மட்டும் போட்டால்?

கிளமெண்டி சார்:
வேண்டவே வேண்டாம். இதற்கு முன் எங்கே படித்தீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் சேர்ந்த இடமும் போகும். மறைக்க வேண்டிய கதையும் இல்லையே இது. 'கணக்கில் விலக்கு கிடைத்தது, அஸ்திவாரம் இல்லாமல் இரண்டாமாண்டில் சரிந்தேன்' என்று நாலு வரி போதும். கண்ணீர்க் கதை எழுத வேண்டாம். விட்டுப்போன அந்தக் கணக்கை இந்தப் பருவத்திலேயே எடுத்துத் தேறிக் காட்டினால், நாலு வரியும் தேவைப்படாது. எஸ்ஐடியில் நேர்முகம் வந்தால் இதைத்தான் துருவுவார்கள்.

உட்லண்ட்ஸ் மீனா:
காசு விஷயம் நான் சொல்கிறேன். தம்பி குடிமகன், சொந்தக் காசில் வெளியே படித்தவன் என்றால் கல்வி அமைச்சின் கட்டண மானியத்தை இன்னும் தொடவில்லை. முதல் பட்டத்துக்கு அது கிடைக்கும். (நிரந்தரவாசியாக இருந்தால் படித்து முடித்து 3 ஆண்டு இங்கே வேலை பார்க்க வேண்டும்.) அப்பாவின் மசேநியிலிருந்து (மத்திய சேம நிதி) கல்விக் கடனும் எடுக்கலாம், பிறகு தம்பி வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

சிம் என்ற தனியார் கல்வி நிலையத்தில் பஃபலோ பல்கலைக்கழகப் பட்டம் இருக்கிறது. அமெரிக்க முறை: ஏற்றுக்கொண்ட பாடத்துக்குக் கிரெடிட் வரும், பழைய மார்க் புது ஜிபிஏவில் சேராது. ஆனால் அங்கே அமைச்சின் மானியமும் இல்லை, மசேநிக் கடனும் இல்லை. உங்கள் பிரச்சினையே காசுதான் என்பதால் அதைக் கடைசியில் வையுங்கள். பொறியியலைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்றால் எஸ்யுஎஸ்எஸ் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரப் படிப்பையும் பாருங்கள், பகலில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

செங்காங் அக்கா:
நன்றி மீனா, நன்றி சார். அப்போ அவனை உடனே டிக்கெட் போட்டு வரச் சொல்லிவிடட்டுமா? அம்மா தினமும் போனில் அழுகிறார்.

கிளமெண்டி சார்:
அவசரப்படாதீர்கள் அம்மா. வகுப்புக்குப் போகாமல் விட்டுவிட்டு வந்தால் எல்லாம் பெயில் என்று விழும். மார்க் தொடர்ந்து மோசமானால் 'உன்னை ஏன் நீக்கக் கூடாது' என்று விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள். அந்த நிலையில் வருவது வேறு, தானாக விலகி வருவது வேறு. ஒவ்வொரு பருவத்திலும் சென்சஸ் தேதி என்று ஒன்று உண்டு. அதற்கு முன் விலகினால் அந்தப் பாடத்துக்குப் பெயில் விழாது. எடுத்திருக்கும் பாடத்தில் எது கரைசேரும், எது மூழ்கும் என்று அவனையே கேளுங்கள். மூழ்குவதை அந்தத் தேதிக்குள் விடலாம். ஆனால் மாணவர் விசா முழுநேரப் படிப்போடு கட்டியிருக்கிறது. விடுவதற்கு முன் அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும்.

இங்கே விண்ணப்பம் ஆண்டுத் தொடக்கத்தில் திறந்து மார்ச் வாக்கில் மூடும், சேர்க்கை ஆகஸ்ட் வாக்கில். டிப்ளோமாக்காரர்களுக்குத் தேதி மாறும், ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும் பாருங்கள்.

தெம்பனிஸ் குமார்:
அப்போ அங்கே விலக்குக் கிடைத்த பாடங்களை இங்கே காட்டலாமா சார்?

கிளமெண்டி சார்:
அது செல்லும் என்று நம்ப வேண்டாம். விலக்கைப் பார்த்து விலக்கு தரமாட்டார்கள், இங்கே டிப்ளோமாவையே நேரடியாக எடைபோடுவார்கள். அங்கே உட்கார்ந்து எழுதி நன்றாகத் தேறிய பாடங்களை மட்டும் கேட்கட்டும். இழுத்துப் பிடித்துப் பாஸான பாடத்துக்கு விலக்கு வாங்கினால் பழைய கதைதான்.

உட்லண்ட்ஸ் மீனா:
ஒன்று விட்டுப்போச்சு. கிரெடிட் கேட்கும்போது பாடத்தின் பெயர் போதாது. வாரவாரியான தலைப்பு, பாடநூல், தேர்வுக்கு எத்தனை விழுக்காடு என்று இருக்கும் பாடத்திட்டக் கோப்பைக் கேட்பார்கள். விலகியதும் மாணவர் கணக்கை மூடிவிட்டால் அது கிடைக்காது. இன்றைக்கே எல்லாவற்றையும் பிடிஎஃபாக இறக்கி வைக்கச் சொல்லுங்கள், அவன் படித்த ஆண்டின் கோப்பாக இருக்க வேண்டும்.

செங்காங் அக்கா:
சொல்லிவிட்டேன், இறக்கிக்கொண்டிருக்கிறான். பெயிலான பாடத்தின் கோப்பும் வேண்டுமா என்று கேட்கிறான்.

உட்லண்ட்ஸ் மீனா:
வேண்டாம். திரும்ப எடுத்துப் பாஸானால் அந்தப் பருவத்தின் கோப்பு போதும்.