இரண்டடித் தொட்டியில் கும்பிடுபூச்சி இறால்: என்னென்ன வேண்டும்?

அலைவாய்:
வணக்கம். 60×30×30 செ.மீ. கண்ணாடித் தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. கடல்நீர்த் தொட்டியாக மாற்றி மேண்டிஸ் இறால், அதாவது கும்பிடுபூச்சி இறால், ஒன்றை மட்டும் விட எண்ணம். மயில் மேண்டிஸ் இதில் வளருமா? கண்ணாடியை உடைத்துவிடும் என்கிறார்களே, நிஜமா? வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதுமா? சென்னை வெயிலுக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கியே ஆக வேண்டுமா?

பவளத்திட்டு:
மயில் மேண்டிஸ் வேண்டாங்க. 18 செ.மீ. வரை வளரும், இந்த இடம் பத்தாது. கோனோடாக்டைலிடே குடும்பத்தில் 6 முதல் 9 செ.மீ. வரை வளரும் ரகங்கள் உண்டு, அதில் ஒன்று பாருங்கள். அதுவும் குத்தி உடைக்கும் ரகம்தான், குணம் அப்படியே இருக்கும். இந்த அளவு உயிரின் குத்தை 6 மி.மீ. கண்ணாடி தாங்கும். கவலைப்பட வேண்டியது அடிக்கண்ணாடியைப் பற்றித்தான். வளை தோண்டிக்கொண்டே போய் அடியைத் தட்டும். அதனால் முதலில் 3 மி.மீ. அக்ரிலிக் தகடு, அதன் மேல் நேராகக் கல், கடைசியில் 5 செ.மீ. மணல். மணல் மேல் கல்லை வைத்தால் அடியில் பறிக்கும்போது கல் சரிந்து அதன் மேலேயே விழும்.

வளைக்கு முக்கால் இஞ்ச் பி.வி.சி. குழாய் போதும். நீளம் இறாலின் உடம்பைப் போல இரண்டு மடங்கு, இரு முனையிலும் எல்போ. உள்ளே திரும்ப இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் குடியேறாது. விரல் நுனி அளவு கல் சில்லுகள் ஒரு கைப்பிடி போடுங்கள். வாசலை அடைக்க அதுவே பொறுக்கி எடுத்துக்கொள்ளும்.

கல், மணல் போகச் சுமார் 42 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு 36 கிராம் வீதம் ஒன்றரைக் கிலோ கடல் உப்புக் கலவை. தனி வாளியில் பம்ப் போட்டு ஒரு ராத்திரி கலக்கிவிட்டு அளந்தால் ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும். உப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல், 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபாருங்கள்.

பிறகு, கழிவை முறிக்கும் பாக்டீரியா வளர, அம்மோனியாவை 2 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) ஏற்றுங்கள். அது ஒரே நாளில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானால்தான் தொட்டி தயார். நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு முன்னால் விட்டால் செத்துப்போகும்.

மன்னார் வளைகுடாக் கல் என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. காய்ந்த செயற்கைக் கல்லே போதும்.

கொளத்தூர்வாசி:
ஆர்.ஓ. பற்றி ஒன்று. இப்போது வரும் நிறைய மெஷின்களில் காப்பர் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. நமக்கு நல்லதோ என்னவோ, இறால், நண்டு போன்ற ஓட்டுடலிக்குச் செம்பு விஷம். குடிக்கும் குழாயில் பிடிக்காமல், மெம்ப்ரேன் முடிந்த இடத்திலிருந்து தனியாக இழுத்து டி.ஐ. பில்டர் (மிச்ச உப்புகளையும் நீக்கும் வடிகட்டி) வழியாக விடுங்கள். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டட்டும். உங்கள் காலித் தொட்டியில் முன்பு மீனுக்குச் செம்பு மருந்து போட்டிருந்தால் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மிச்சமிருக்கும் செம்பு பிறகு கசியக்கூடும்.

சூடு 24–26 டிகிரியில் நிற்க வேண்டும். நீர்ப்பரப்பில் மின்விசிறி வீசினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. அதனால் மே மாதத்தில் மின்விசிறியை நம்ப முடியாது. ஏ.சி. அறை அல்லது சில்லர்தான். மின்விசிறி ஓடினால் நீர்மட்டம் தினமும் குறையும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். கண்ணாடியில் டேப் ஒட்டி, அந்தக் கோடு வரை உப்பில்லாத தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

அலைவாய்:
நன்றி. தீனி எப்படி? நாள் கணக்கில் வெளியே வராவிட்டால்?

பவளத்திட்டு:
வாரம் இரண்டு மூன்று முறை, ஓட்டோடு இறால் துண்டு, நத்தை, சிறு நண்டு. நீளமான இடுக்கியில் கொடுங்கள், கையை விடவே விடாதீர்கள். மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். கூட மீன் எதுவும் வேண்டாம்.

வாசலைச் சில்லு வைத்து அடைத்துவிட்டால் பெரும்பாலும் ஓடு கழற்றப் போகிறது என்று அர்த்தம். ஒரு வாரம் ஆகட்டும், தீனி போடாதீர்கள், கல்லைத் தூக்கிப் பார்க்காதீர்கள். அப்போது உடம்பு மெத்தென்று இருக்கும், குத்தவும் முடியாது. பிறகு ஒரு நாள் வாசலில் முழு இறால் ஒன்று கிடக்கும். கண் காம்பு, குத்தும் கை, வால் விசிறி எல்லாம் இருக்கும். செத்துவிட்டது என்று பதறாதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், அந்தப் பக்கம் தெரிந்தால் அது கழற்றிய ஓடு. வளைக்குள் டார்ச் அடித்தால் இரண்டு கண்களும் தனித்தனியாக உருண்டு உங்களைப் பார்க்கும்.