கப்பன் பார்க்கில் ஓட எந்த வாட்ச் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன், தினமும் காலையில் கப்பன் பார்க்கில் ஓடுகிறேன். ஜனவரியில் மும்பை அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர். அதற்குள் ஜிபிஎஸ் வாட்ச்சை மாற்றியாக வேண்டும்.

பழைய வாட்ச் மூங்கில் புதர்ப் பக்கம் போனாலே தடுமாறுகிறது. போன ஞாயிறு ஓடி முடித்து மேப்பைப் பார்த்தால், நான் ஓடிய கோடு ஹைகோர்ட் கட்டடத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்திருக்கிறது! கிலோமீட்டருக்கு 5:10 நிமிடம் என்று காட்டிய வேகம் அடுத்த நிமிடமே 7:30. இதை நம்பி எப்படிப் பயிற்சி எடுப்பது?

கார்மின் ஃபோர்ரன்னர் 165, கோரோஸ் பேஸ் 3 இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறேன். கோரோஸில் ஜிபிஎஸ் சிக்னலைப் பிடிக்க எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசை உண்டு. மரத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் சிக்னலால் வரும் பிழையை அது குறைக்கும். கார்மினில் அதற்கு 265 போன்ற விலை கூடிய மாடலுக்குப் போக வேண்டும், பட்ஜெட் தாங்காது. ஆனால் 165இன் அமோலெட் திரை, தானே ஒளிரும் வகை, அழகு. கோரோஸ் திரை வெயிலில்தான் பளிச்சென்று இருக்கும். நான் இருட்டோடு 5:30க்கே கிளம்புகிறவள்.

உண்மையான குழப்பம் வாட்ச்சோடு வரும் போன் ஆப்தான். இரண்டுமே ஓட்டக் கணக்கை ஸ்ட்ராவாவுக்கு (ஓட்டங்களைப் பதிந்து பகிரும் ஆப்) அனுப்பும், சரி. பயிற்சித் திட்டம் எதில் நன்றாக இருக்கிறது? மூன்று வருட ஓட்டக் கணக்கை ஃபிட் ஃபைலாக (வாட்ச்கள் ஓட்டத்தைச் சேமிக்கும் ஃபைல் வகை) வைத்திருக்கிறேன், புது ஆப்பில் ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், பெங்களூரில் சர்வீஸ் எப்படி? கப்பன் பார்க்கில் ஓடிய மேப் படம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள்.